டிஸ்கோவுக்கும் மரபு உண்டு

மூத்த பாப் நட்சத்திரம் ஒருவர் மறுபடியும் டிஸ்கோ பக்கம் போகிறார் என்ற செய்தி வந்தால் போதும், அடுத்து வரப்போகும் விமர்சனத்தைப் பாட்டைக் கேட்காமலே எழுதிவிடலாம். போன ஆல்பம் விற்கவில்லை, பயந்துவிட்டார். தெரிந்த இடத்துக்கே ஓடி வந்துவிட்டார். பழைய ரசிகர்களின் ஏக்கத்தைக் காசாக்குகிறார். போதாததற்கு, இந்த வயதில் இந்த உடை தேவையா? செர் முதல் கைலி மினோக் வரை யாரும் இதற்குத் தப்பவில்லை. ஆனால் இந்த வாதம் முழு உருவத்தோடு வந்து நின்றது மடோனாவின் முன்னால்தான். அவருடைய ‘கன்ஃபெஷன்ஸ் ஆன் எ டான்ஸ் ஃப்ளோர்’ 2005 நவம்பரில் வெளியானது. அதை அவரோடு சேர்ந்து உருவாக்கிய ஸ்டூவர்ட் பிரைஸுடன் மறுபடி ஒரு நடன ஆல்பம் செய்யப்போவதாக 2025இல், தன் பழைய வார்னர் நிறுவனத்துக்கே திரும்பி வந்து, மடோனா அறிவித்தார். இருபது வருடத்துக்கு முந்தைய வாதத்தைத் தூசி தட்டி எடுக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. பதிலையும் இப்போதே சொல்லிவைப்பது நல்லது.

2005இல் அந்த வாதம் எழுந்தாலும், ஆல்பத்தைப் பெரும்பாலோர் அடித்துத் துவைக்கவில்லை. பெரும்பாலான மதிப்புரைகள் பாராட்டவே செய்தன. எனக்கு உறுத்துவது அந்தப் பாராட்டுதான். அதற்கு முந்தைய ஆல்பம் 2003இல் வந்த ‘அமெரிக்கன் லைஃப்’. புகழையும் பணத்தையும் அமெரிக்கக் கனவையும் கேள்வி கேட்ட ஆல்பம். ஈராக் போர் தொடங்கிய நேரத்தில், போர்க்காட்சிகளை ஃபேஷன் மேடையோடு கலந்து ஒரு வீடியோ எடுத்து, பிறகு மடோனாவே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருடைய அளவுகோலில் ஆல்பம் தோல்வி. அதன் பிறகு டிஸ்கோ வந்ததும், ‘அப்பாடா, உபதேசத்தை விட்டுவிட்டு நம்மை ஆடவைக்க வந்துவிட்டார்’ என்று ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. திட்டியவருக்கும் மெச்சியவருக்கும் நம்பிக்கை ஒன்றுதான்: டிஸ்கோ என்பது லேசான சரக்கு, யோசிக்க வேண்டியதில்லை, ஆபத்தும் இல்லை. முன்னவர் அதை இழிவு என்றார், பின்னவர் இளைப்பாறல் என்றார். இருவருக்கும் பொதுவான அந்த நம்பிக்கையைத்தான் நான் மறுக்கிறேன்.

அதே பருவத்தில் இன்னொருவரும் திரும்பிப் போனார். பீட் சீகர் பாடிப் பரப்பிய நாட்டுப்புறப் பாடல்களை ஒரு பெரிய குழுவோடு தன் பண்ணை வீட்டில் அமர்ந்து பாடி, 2006 ஏப்ரலில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் ஆல்பமாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 56. ஒரு பாட்டுக்கூட அவர் எழுதியதில்லை. பயந்து பழைய இடத்துக்கு ஓடிவிட்டார் என்று அவரைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. 2007ஆம் ஆண்டின் கிராமி விழாவில் மரபு நாட்டுப்புற இசைக்கான விருது அவருக்கு. எலெக்ட்ரானிக் நடன ஆல்பத்துக்கான விருது மடோனாவுக்கு. இருவருமே தங்கள் கலைக்கு முன்னோர் யாரோ அவர்களிடம் போனவர்கள்தான். 1992, 1993 ஆண்டுகளில் பாப் டிலன் தன் பாட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டுப் பழைய நாட்டுப்பாடல்களையும் ப்ளூஸையும் மட்டும் பாடி இரண்டு ஆல்பம் போட்டார். ஜானி கேஷ் 1994இல் ஒற்றைக் கிட்டாரோடு திரும்பி வந்தார். வேர், மரபு, ஆன்மா என்ற சொற்களையெல்லாம் இவர்களுக்கு வாரி வழங்கிய அதே கைகள், டிரம் மெஷினோடு திரும்பி வந்த பெண்ணுக்கு ‘பாதுகாப்பான வழி’ என்று எழுதின.

நாட்டுப்புறப் பாட்டுக்கு நூறாண்டு நினைவு இருக்கிறது, டிஸ்கோவுக்குக் கண்ணாடி உருண்டையைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நம்மில் பலருக்கும் டிஸ்கோ என்றால் எண்பதுகளின் தமிழ்ப் படங்களில் வந்த விளக்குத் தரையும் பளபளக்கும் உடையும்தான். அந்தப் படங்கள் ‘சாட்டர்டே நைட் ஃபீவர்’ வழியாக வந்தவை. அந்த 1977ஆம் ஆண்டுப் படத்துக்கு மூலமோ நியூயார்க் பத்திரிகை ஒன்றில் வந்த கட்டுரை. அதைப் பெரும்பாலும் இட்டுக்கட்டி எழுதியதாக அதன் ஆசிரியர் நிக் கோன் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆக, உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது டிஸ்கோவைப் பற்றிய ஒரு கட்டுக்கதை. அதை வைத்துக்கொண்டு மூலத்தை எடைபோடுகிறோம்.

மூலம் எங்கே என்றால், 1970 பிப்ரவரி 14 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில் டேவிட் மன்கூசோ தான் குடியிருந்த மாடிக்கூடத்தில் நடத்திய விருந்தில். மது விற்பனை கிடையாது. அழைப்பு இருந்தால்தான் உள்ளே போகலாம். வந்தவர்களில் கறுப்பர்கள், லத்தீன் அமெரிக்கர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள், பெண்கள் என்று வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள் நிறைய. ஆணும் ஆணும் சேர்ந்து ஆடினால் போலீஸ் வண்டியில் ஏற்றிய நகரம் அது. ஓரினச் சேர்க்கையாளர்கள் கூடும் ஸ்டோன்வால் மதுக்கடையில் போலீஸை எதிர்த்துக் கலகம் வெடித்து எட்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அடக்குமுறைக்கு நடுவில் கூடிய மக்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட இசைக்கு நாட்டுப்புறப் பாடலின் தகுதி இல்லை என்றால், அந்தத் தகுதியைக் கொடுப்பவர் யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த இசைக்கு இலக்கணமும் உண்டு. பிலடெல்பியாவின் டிரம்மர் எர்ல் யங், ஒவ்வொரு தாளத்துக்கும் கால்டிரம்மை விடாமல் அடித்து, இடையில் ஹை-ஹாட்டைத் திறந்து ‘ட்ஸ்’ என்று மூச்சு விடவைத்தார். டிஸ்கோவின் நடையே அதுதான். பாட்டு முடிந்ததும் ஆடுபவர்கள் தரையை விட்டு இறங்கிப் போவதைக் கவனித்த டாம் மோல்டன், அடுத்த பாட்டு முந்தைய பாட்டின் வாலைப் பிடித்துக்கொண்டே தொடங்கும்படி நாடாவில் ஒட்டிப் பார்த்தார். அப்படித்தான் 1975இல் குளோரியா கேய்னரின் இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுவதும் மூன்று பாட்டுகள் இடைவெளியே இல்லாமல் ஓடின. சிறிய தட்டு தீர்ந்துபோன ஒரு நாளில் மோல்டன் ஒற்றைப் பாட்டைப் பெரிய தட்டில் வெட்டிப் பார்க்க, பள்ளங்களுக்கு இடையே இடம் தாராளமாகக் கிடைத்ததால் ஒலி பெரிதாகி, பேஸ் நெஞ்சில் இடித்தது. பன்னிரண்டு அங்குல சிங்கிள் பிறந்த கதை அது. மியூனிக்கில் ஜார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் டோனா சம்மருக்காக 1977இல் செய்த ‘ஐ ஃபீல் லவ்’ பாட்டில் ஏறக்குறைய எல்லாமே சிந்தசைஸர். இன்றைய மின்னணு நடன இசையில் அந்தப் பாட்டுக்குக் கடன்படாதது குறைவு.

பிறகு அடி விழுந்தது. 1979 ஜூலை 12, சிகாகோவின் காமிஸ்கி பார்க் மைதானம். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு பேஸ்பால் டிக்கெட். வானொலி அறிவிப்பாளர் ஸ்டீவ் டால், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அந்தத் தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை, டெட்ராய்ட் அணி வென்றதாக அறிவித்துவிட்டார்கள். அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர், வந்து விழுந்தவற்றில் பல டிஸ்கோவே இல்லை, வெறுமனே கறுப்பர்கள் பாடிய தட்டுகள் என்று பிற்பாடு நினைவுகூர்ந்தார். அவரே 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸோடு சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ பாட்டை எழுதினார். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் காட்டுவது அதைத்தான். செத்தது என்று அறிவிக்கப்பட்ட இசை அதே ஊரில், ஐந்தே வருடத்தில், வேறு பெயரில் எழுந்து நின்றது.

காமிஸ்கி பார்க்கில் வெடித்த மூன்றாவது மாதம், 1979 அக்டோபரில், ஸ்வீடனின் அப்பா குழு ‘கிம்மி! கிம்மி! கிம்மி!’ பாட்டை வெளியிட்டது. மடோனா தன் டிஸ்கோ ஆல்பத்தின் முதல் பாட்டான ‘ஹங் அப்’ பாட்டுக்கு எடுத்துக்கொண்டது அதன் மெட்டைத்தான். தங்கள் பாட்டிலிருந்து துண்டு எடுக்க பென்னி ஆண்டர்ஸனும் பியோர்ன் உல்வேயஸும் சம்மதிப்பதே அபூர்வம். அதற்கு முன் ஃப்யூஜீஸ் குழுவுக்கு மட்டும் தந்திருந்தார்கள். மடோனா பாட்டோடு ஒரு கடிதத்தையும் கொடுத்து ஸ்டாக்ஹோமுக்கு ஆள் அனுப்பிக் கேட்டு வாங்கினார். ஊர் பேர் தெரியாத மெட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவர் செய்யும் வேலை அதுவல்ல. யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறது அந்த ஆல்பம்.

மடோனா டிஸ்கோவுக்கு விருந்தாளியும் அல்ல. டெட்ராய்ட் பக்கத்தில் வளர்ந்த அவரை முதன்முதலாக டிஸ்கோவுக்கு அழைத்துப்போனவர் அவருடைய பாலே ஆசிரியர் கிறிஸ்டோபர் ஃபிளின்; போனது ஓரினச் சேர்க்கையாளர்களின் கிளப்புக்கு. 1978இல் நியூயார்க் வந்தபோது நடனக்காரியாகத்தான் வந்தார், பாடகியாக அல்ல. டான்ஸ்டீரியா கிளப்பின் டிஜே மார்க் காமின்ஸிடம் ஒரு கேசட்டைக் கொடுத்து, அவர் அதைத் தரையில் ஓடவிட்டு, அப்படித்தான் 1982இல் முதல் சிங்கிள் ‘எவ்ரிபடி’ வந்தது. உறையில் அவர் படம் இல்லை. பாடியது கறுப்பினப் பெண் என்று நினைத்தவர்கள் ஏராளம். ‘ஹாலிடே’ பாட்டைத் தயாரித்த ஜெல்லிபீன் பெனிடெஸும் ஒரு கிளப் டிஜே. ‘லைக் எ வர்ஜின்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் ஷீக் குழுவின் நைல் ராட்ஜர்ஸ். டிஸ்கோ எதிர்ப்பு அலையில் ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர் அவர். 1990இல் ‘வோக்’, 1992இல் ‘டீப்பர் அண்ட் டீப்பர்’ என்று தொடர்ந்தது. இவரைப் பார்த்து டிஸ்கோவுக்கு ‘ஓடி வந்துவிட்டார்’ என்பவர்கள் தொடக்கத்தையே படிக்காதவர்கள்.

ஏக்கம் என்ற குற்றச்சாட்டையும் இங்கேயே முடித்துவிடலாம். பழைய நாட்களின் இனிமைக்குள் போய்ப் படுத்துக்கொள்வதுதான் ஏக்கம். மடோனாவின் ஆடுதளத்தில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். அறைத்தோழர் மார்ட்டின் பர்கோய்ன் 1986இல், ஓவியர் கீத் ஹேரிங் 1990இல், அதே ஆண்டில் ஃபிளின், மூவரும் எய்ட்ஸால் போனார்கள். அந்த நோயின் பெயரைச் சொல்லவே பலர் தயங்கிய 1989இல், ‘லைக் எ பிரேயர்’ ஆல்பத்துக்குள் எய்ட்ஸ் பற்றிய விவரச் சீட்டை வைத்து விற்றவர் அவர். 2023இல் தொடங்கிய ‘செலிப்ரேஷன்’ சுற்றுப்பயணத்தில் ‘லிவ் டு டெல்’ பாடும்போது மேடை முழுக்க எய்ட்ஸில் இறந்தவர்களின் முகங்கள் எழுந்தன. அந்தப் பயணத்துக்கு இசையை ஒழுங்கு செய்தவரும் இதே பிரைஸ்தான். ஒரு தலைமுறையே பாதியில் அறுபட்டுப்போன இடத்துக்கு மறுபடி மறுபடி போகிறவரைப் பார்த்து, சுகமான பழங்கதை பேசுகிறார் என்று எப்படித்தான் எழுத மனம் வருகிறதோ.

இனி ஆல்பத்துக்கு வருவோம். வேலையில் பெரும்பகுதி லண்டனில் பிரைஸின் வீட்டிலேயே நடந்தது. பெரிய ஸ்டூடியோ கிடையாது. பிரைஸ் வார இறுதிகளில் டிஜேயாகப் போகும்போது, பாடல்களின் குரலில்லாத வடிவங்களை எடுத்துப்போய், யாருடையது என்று சொல்லாமலே ஓடவிடுவார். கூட்டம் எந்த இடத்தில் கையைத் தூக்குகிறது, எங்கே சோர்கிறது என்பதை டிஜிட்டல் கேமராவில் பிடித்து வந்து மறுநாள் மடோனாவுக்குக் காட்டுவார். அதற்கேற்பத் திருத்துவார்கள். மோல்டன் முப்பது வருடத்துக்கு முன் ஆடுபவர்களின் கால்களைப் பார்த்துக் கற்ற பாடத்தை அப்படியே தொடர்ந்த முறை இது. கூத்துக்காரர் அவையின் முகம் பார்த்துப் பாட்டை நீட்டுவதும் சுருக்குவதும் கலை என்றால், இதுவும் கலைதான்.

அந்த உழைப்பு காதில் விழுகிறது. பன்னிரண்டு பாட்டு, ஐம்பத்தாறு நிமிடம், நடுவில் ஒரு நொடி மௌனம் கிடையாது. ‘ஃப்யூச்சர் லவ்வர்ஸ்’ மொரோடரின் துடிப்பை ஒளிக்காமல் எடுத்துக்கொள்கிறது; அடுத்த ஆண்டின் மேடையில் மடோனா அதையும் ‘ஐ ஃபீல் லவ்’வையும் ஒன்றாகவே கலந்து பாடினார். முதல் பாதி விருந்து. போகப்போக வெளிச்சம் குறைகிறது. ‘ஹவ் ஹை’ வந்ததும் இத்தனை புகழும் இத்தனை உழைப்பும் தேவைதானா என்ற கேள்வி, தாளம் தளராமலே, எழுகிறது. ‘ஐசக்’ பாட்டில் யிட்ஸ்ஹாக் சின்வானியின் யேமன் யூத மரபுக் குரல் நுழைகிறது. ‘அமெரிக்கன் லைஃப்’ கேட்ட கேள்விகளை மடோனா விட்டுவிடவில்லை; ஆடிக்கொண்டே கேட்டார், அவ்வளவுதான். உபதேசம் போய்விட்டது என்று மகிழ்ந்தவர்கள் ஆறாவது பாட்டோடு எழுந்து போயிருக்க வேண்டும். எல்லாம் பொன் என்று சொல்லமாட்டேன். ‘ஐ லவ் நியூயார்க்’ பாட்டின் வரிகள் பள்ளிக்கூட எதுகை. அதை வெட்டியிருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை.

வியாபாரக் கணக்கு என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. மடோனா கணக்குப் போடாமல் ஓர் உதட்டுச்சாயமும் பூசியிருக்கமாட்டார். ஆனால் எந்தக் கணக்கு? 2005இல் அமெரிக்க வானொலியை ஆண்டது ஹிப்ஹாப்பும் ஆர் அண்ட் பியும். பாதுகாப்பைத் தேடியிருந்தால் அந்தத் தயாரிப்பாளர்களைத்தான் கூட்டியிருக்க வேண்டும். பாட்டைப் பாட்டாகப் பிய்த்து இணையத்தில் 99 சென்ட்டுக்கு வாங்கிய காலத்தில், பிய்க்கவே முடியாதபடி ஒட்டிய ஆல்பத்தைப் பிரதான வடிவமாக வைத்தது எந்த வியாபாரப் புத்தகத்திலும் இல்லாத வழி. விளைவும் அதையே சொல்கிறது. ‘ஹங் அப்’ 41 நாடுகளில் முதலிடம். சொந்த நாட்டில் ஏழாம் இடம். ‘சாரி’ பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 58. அமெரிக்க வானொலிகள் பெரும்பாலும் கதவைத் திறக்கவே இல்லை.

உண்மையான பின்வாங்கலைப் பார்க்க வேண்டுமானால் அடுத்த ஆல்பத்தைப் பாருங்கள். 2008இன் ‘ஹார்ட் கேண்டி’: டிம்பலண்ட், ஃபாரெல் வில்லியம்ஸ், ஜஸ்டின் டிம்பர்லேக், அதாவது அமெரிக்க வானொலி அப்போது கேட்ட அத்தனை பேரும். ‘4 மினிட்ஸ்’ அங்கே மூன்றாம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டில் மடோனா தன் பாட்டுக்கே விருந்தாளியாக வந்துபோகிறார். காலத்துக்கேற்ப மாறினார் என்று எந்த ஆல்பத்தைச் சொல்வார்களோ, அதில்தான் அவர் பிறர் பின்னால் ஓடினார். பழசுக்குத் திரும்பினார் என்று சொல்லும் ஆல்பத்தில் பிறர் அவர் பின்னால் வந்தார்கள்.

வயதைப் பற்றிச் சுருக்கமாக. 2005 ஆகஸ்ட் 16, தன் 47ஆவது பிறந்தநாளில் குதிரையிலிருந்து விழுந்து மடோனாவுக்கு எலும்புகள் முறிந்தன. சில வாரங்களில் ‘ஹங் அப்’ வீடியோவுக்காக ஆடினார். ஆனால் பேசப்பட்டது அதில் அவர் அணிந்த இளஞ்சிவப்பு உடைதான். 2015இல் ‘லிவிங் ஃபார் லவ்’ பாட்டை பிபிசி ரேடியோ 1 தன் பட்டியலில் சேர்க்காதபோது, வயது காரணமில்லை என்று நிலையம் சொன்னது. நம்பாதவர்கள் நிறைய, நானும் அவர்களில் சேர்த்தி. கைலி மினோக் 2020இன் ஊரடங்கில் வீட்டிலேயே ஒலிப்பதிவு மென்பொருளைக் கற்று, தன் குரலைத் தானே பதிவுசெய்து ‘டிஸ்கோ’ ஆல்பத்தை முடித்தார். 52 வயதில் புதிய தொழில்நுட்பம் படித்ததற்காக ஒரு ஆண் ராக் பாடகருக்குத் தனி அத்தியாயமே எழுதியிருப்பார்கள். மிக் ஜாகர் எண்பது வயதில் இடுப்பை ஆட்டினால் அது உயிர்த்துடிப்பு. அதில் எனக்கும் சந்தோஷமே. அதே அளவுகோலை இந்தப் பெண்களுக்கும் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

திரும்பிப் போகும் எல்லோரும் நல்ல பாட்டு செய்துவிடுவதில்லை. 67 வயதில் மடோனா அறிவித்த ஆல்பமும் மோசமாக அமையலாம். மோசமென்றால் தாளம் தளர்ந்ததையும், ஒட்டு விட்டுப்போனதையும், மெட்டு வறண்டதையும் காட்டி அடியுங்கள், கேட்டுக்கொள்கிறேன். டிஸ்கோவுக்குப் போனதே குற்றம் என்று ஆரம்பிக்காதீர்கள். அதற்கு முன் 2005இன் ஆல்பத்தை, தனித்தனியாக நறுக்கி விற்ற வடிவத்தில் வேண்டாம், இடைவெளியில்லாத மூல வடிவத்தில், முதல் பாட்டிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் கேளுங்கள். ஐம்பத்தாறு நிமிடம்தான்.